மோல் என்றால் மச்சம்

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிறதாம். அதில் வழக்கமான அந்தக் கட்டம்: அங்க அடையாளங்கள், இரண்டு. ஆதார் இருக்கிறது, பத்து விரல் ரேகையும் இருக்கிறது, கண்ணைக்கூடப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மச்சத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பேன் பார்ப்பதுபோல அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தேடினேன். கழுத்தில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்கு வழியில்லை. முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு இருக்கிறதே, அதை எழுதலாம் என்றால் அதற்கு அவளுக்கு வெட்கம்.

'எ மோல் ஆன் த நெக்' என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்தாள். "அம்மா, மோல்னா எலி மாதிரி ஒண்ணு. மண்ணுக்குள்ள குழி தோண்டும். என் கழுத்துல எலியா இருக்கு?" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? எனக்கும் அந்தச் சொல்லுக்கும் இருக்கிற பகை அவள் பிறப்பதற்கு முந்தையது.

ஆரணியில் நான் பத்தாவது படித்தபோதும் இதே கட்டம்தான். வகுப்பு டீச்சர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தி முகத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். என் இடது மணிக்கட்டில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். அது மச்சமே இல்லை. அப்பா பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். முந்தின நாள் நூல் பிழிய ஒத்தாசைக்குப் போனபோது தெறித்த சாயம். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். "நிக்காத, போ" என்றார் டீச்சர். போய்விட்டேன். அடுத்த வாரம் அந்த மச்சம் சோப்போடு போய்விட்டது. சான்றிதழில் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. பிற்பாடு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டபோது, கண்மையால் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த அதிகாரி என் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியர்வையில் மை கரைந்து கைக்குட்டை பாழானதுதான் மிச்சம்.

பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினேன். எங்கள் வீட்டில் முதல் ஆள். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. முதல் மாதமே வேதியியல் சார் கரும்பலகையில் 'மோல்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஒரு மோல் கார்பன், பன்னிரண்டு கிராம். கார்பன் கருப்பு, மச்சமும் கருப்பு, அதனால்தான் இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துப் பக்கத்திலிருந்தவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்து ஒரு மோல் தண்ணீர் வந்தது. தண்ணீரில் என்ன மச்சம்? சாரைக் கேட்க பயம். வீட்டில் இருந்த அட்டை பிய்ந்த அகராதியைப் புரட்டினால், அகழெலி என்றது, மச்சம் என்றது, கடலில் அலையைத் தடுக்கக் கட்டும் கல்சுவர் என்றது, ஒற்றன் என்றது. நான்கு அர்த்தம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஒரு மொழி பேசுகிறவர்களுக்குச் சொல் பஞ்சம் வந்தால் இப்படித்தான் செய்வார்களோ என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டேன். எங்கேயாவது எடுத்துவிட உதவும் என்ற நினைப்பு.

உதவியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும்போது என் அக்கா சுமதி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, பேச்சுக் குறைந்த மனிதர். நான்கைந்து பவர்லூம் ஓடுகிற ஷெட்டில் மேஸ்திரி. அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து, வெளியில் பேச்சே மறந்துபோனது போல இருப்பார். அந்த மூன்று மாதமும் அவர் வாயில் பாட்டு வந்தது. அக்காவுக்குத்தான் முடியவில்லை. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. மூன்று மாதத்துக்கு வயிறு ஐந்து மாதம்போல இருந்தது. இரட்டைப் பிள்ளை என்று தெருவே முடிவு செய்திருந்தது. லேசாக ரத்தம் பட்டதும் ஆரணியிலேயே ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா விவரம் எதுவும் விளக்காமல், வேலூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா தானும் வருவதாகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். நான்தான் தடுத்தேன். "நீ வந்து இன்னா பண்ணப்போற? அங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க" என்றேன். அம்மா மறுபடி பழைய புடவையைக் கட்டிக்கொண்டாள்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்கள்மேல் தப்பில்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர், வெளிமாநிலம், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், இது ஒரு மோல், பெரிய டாக்டர் வந்து பேசுவார், வெளியே காத்திருங்கள் என்றார். நடுவில் இன்னும் நாலைந்து சொல் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. புரிந்ததா என்று கேட்டார். "யெஸ் டாக்டர்" என்றேன். அந்த 'யெஸ்'ஸை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

வெளியே பெஞ்சில் அக்காவும் மாமாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கொழந்தைக்கு மச்சம் இருக்குதாம். ஸ்கேன்லயே தெரியுதாம்."

மாமா முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். மச்சத்தோடு வருகிற பிள்ளை, மச்சக்காரப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் டீயும் பன்னும் வாங்கிவந்தார். பத்து நாளாக ஒன்றும் தங்காத அக்கா அரை டம்ளர் டீ குடித்தாள். வாந்தி வரவில்லை. ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு நர்ஸ் காகிதத்தோடு வந்தார். கருவை எடுக்க வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் குரல் மாறிவிட்டது. "மச்சம் இருக்குதுன்னு யாராச்சும் புள்ளைய கலைப்பாங்களா?" நர்ஸ் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு, இருங்கள், டாக்டரை அழைத்துவருகிறேன் என்று உள்ளே போனார். அக்கா பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாமா பின்னாலேயே. நானும்தான். உள்ளே ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் இங்கிலீஷ் பொய் என்று ஆகிவிடும். மூவரும் ஆரணி பஸ்ஸில் ஏறினோம்.

பாதி வழியில் இருக்கிற கண்ணமங்கலம்கூடத் தாண்டவில்லை. அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். சீட்டெல்லாம் ரத்தம். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். பின் சீட்டில் இருந்த பூக்காரம்மா தன் துண்டை உருவிக் கொடுத்தார். மாமா சாலையின் நடுவில் நின்று ஒரு மினி வேனை மறித்தார். அந்த வேனில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே அக்காவைப் படுக்கவைத்து மறுபடி வேலூர் வந்து சேர்ந்தோம். வழி முழுக்க மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே எஸ்தர் என்று வயதான ஒரு சிஸ்டர் இருந்தார். ரத்தம் ஏற்றுகிற ஊசியைக் குத்திக்கொண்டே, அக்காவிடம் நிதானமாகப் பேசினார்.

"இது புள்ளை இல்லம்மா. கரு தப்பா வளந்துடுச்சு. கொத்துக்கொத்தா, திராட்சை மாதிரி, தண்ணிக் கொப்புளமா இருக்கும். இங்கிலீஷ்ல மோல்பாங்க, நம்ம பக்கம் முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க. எடுக்காம வுட்டா உங்க உசுருக்கு ஆகாது."

அக்கா சிஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மச்சம்னியேடி" என்றாள். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாள்.

அக்கா உயிர் பிழைத்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அம்மாவிடம் சிஸ்டர் சொன்ன சொல்லைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "முத்துப்பிள்ளையா? எங்க சித்திக்கு அப்படித்தானே ஆச்சு. வயிறு ஊதிகினே போச்சு, வாந்தி எடுத்துகினே இருந்தா. இவளப் பார்த்தவுடனே எனக்கு மனசுல பட்டுது. வாயில வெக்கக்கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அந்த டாக்டர் முன்னாடி நான் நின்னிருந்தா, தமிழ்ல சொல்லுங்க சாமின்னு கேட்டிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தித் தொலைத்திருப்பேன்.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். முத்துப்பிள்ளை என்கிற அர்த்தம் அதில் இல்லை. இருந்திருந்தால் மட்டும் நான் அதைப் படித்திருப்பேனா என்பது வேறு விஷயம். அடுத்து வந்த பழைய பேப்பர்காரரிடம் அதைத் தூக்கிப் போட்டேன்.

மிச்சம் ஏதும் உள்ளே வளர்கிறதா என்று பார்க்க அக்கா ஒரு வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டியிருந்தது. ஆரம்பத்தில் வாராவாரம், பிறகு மாதம் ஒரு தடவை. மாமாவுக்கு லீவு கிடைக்காது. நான்தான் கூடப் போவேன். முதல் சில பயணங்களில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கி, பாதிப் பொட்டலத்தை என் மடியில் கொட்டினாள். "இனிமே அவங்க பேசுறது புரியலன்னா, புரியலன்னு சொல்லு. நான் ஒண்ணும் உன்ன கொறச்சலா நினைக்கமாட்டேன்" என்றாள். கடலையைத் தின்ன முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் திட்டினாள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அடுத்த வருடம் அவளுக்குப் பையன் பிறந்தான். இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான். என்னைச் சித்தி சித்தி என்று சுற்றிவருவான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. மாமாவும் நானும் பிறகு பழையபடி பேசிக்கொண்டோம், அவர் பேசுகிற அளவுக்கு.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமா டீ வாங்கப் போயிருந்தபோது, அக்கா என் காதருகே வந்து ஒரு பெயர் சொன்னாள். பெண்ணாகப் பிறந்தால் அதுதான், அவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை என்றாள். அழகான பெயர் என்று நான் சொன்னது ஞாபகமிருக்கிறது. பெயர் ஞாபகமில்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன். சமைக்கும்போது, பஸ்ஸில், குளிக்கும்போது. வரவில்லை.

நேற்று மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். அந்தப் பக்கம் அவள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அப்படி ஒரு பேர் நான் சொன்னனா?" என்றாள். பிறகு என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தாள்.

மறந்துதான் போனாளா, சொல்லப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. இன்னொரு முறை கேட்கமாட்டேன். அந்தப் பெயரை அவள் சொல்லி நான் மட்டும்தான் கேட்டேன்.