வெளுத்த சாம்பல்

எங்கள் மின்நிலையத்து லேபில் அவளுக்குத் தராசுக்காரி என்று பெயர். பத்தொன்பது வருஷமாக பாய்லர் சாம்பலை எடை போடுகிறவள். ஒரு கிராம் எடுத்து உலையில் சுடுவாள். எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் எரியாமல் தப்பி வந்த கரி. அவள் ஒரு எண் சொல்லிவிட்டால் மேனேஜரே மறுபேச்சு பேச மாட்டார். அந்த மிதப்பு அவளுக்கு நிறையவே உண்டு. பக்கத்து மேசைக்காரியான எனக்கு அது எரிச்சல்.

நாலு மாதத்துக்கு முன் புது பாய்லர் வந்தது. இறுக மூடிய கலத்துக்குள் காற்றை அழுத்தி நிலக்கரியை எரிக்கிற வகை. அதை ஓட்டுகிறவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். வந்த நாள் முதல் அவள் எண் ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. சாம்பலில் நூற்றுக்கு ஏழு பங்கு கரி என்றால் ஓட்டுகிறவன் தலைதானே உருளும்? அவரும் காற்றைக் கூட்டினார், குறைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாம்பலோடு லேபுக்கே வந்துவிட்டார்.

"கரி இருந்தா கறுப்பா இருக்கணும்ல? இது வெளுப்பா இருக்கு, பாரும்மா."

"தராசு பொய் சொல்லாது மாமா," என்றாள், தலையைக்கூடத் தூக்காமல். அன்றிலிருந்து அக்கா அவளோடு பேசுவதில்லை.

கடைசியில் மேனேஜர் அவர்மேல் விசாரணை வைத்தார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு. அவரை பாய்லரை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்கு, கிண்ணம் கழுவ ஆசிட் ஊற்றினாள். அடியில் ஒட்டியிருந்த சுடாத சாம்பல் பொங்கி நுரைத்தது.

"சாம்பல் ஏண்டி நுரைக்குது?" என்று கிண்ணத்தை என் முகத்தருகே நீட்டினாள்.

கரி ஆசிட்டில் நுரைக்காது, சுண்ணாம்புக்கல்தான் நுரைக்கும். எங்கள் நிலக்கரிக்குள் அது வெள்ளைக் கோடாக ஓடும். பழைய பாய்லர் சூட்டில் அது உடைந்து, அதிலிருந்த கரியமில வாயு புகையோடு போய்விடும். புதியதிலும் அதே சூடுதான். ஆனால் எரிகிற கரியிலிருந்து வரும் அதே வாயு உள்ளே அழுத்தி நெருக்கி நிற்பதால், கல்லில் இருப்பது வெளியேற முடியாது. கல் கல்லாகவே சாம்பலில் வந்துவிடும். அப்புறம் அழுத்தமே இல்லாத எங்கள் உலையில் சாவகாசமாக உடைந்து எடை குறையும். அதைத்தான் நாலு மாதமாகக் கரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

சந்தேகம் மட்டும் போதாது, எண் வேண்டும். சாம்பலிலிருந்த கல் கரையும்வரை ஆசிட்டில் கழுவி, வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு, மிச்சத்தைச் சுட்டாள். சுட்ட கிண்ணம் ஆறாமல் எடை நிற்காது. மணி இரண்டே முக்கால். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, அன்று கும்பிட்டேன். ஏழாக இருந்த எண் அரைக்கும் கீழே வந்து நின்றது.

விசாரணை அறையில் மேனேஜர் சிரித்தார். "மாமாவைக் காப்பாத்த வந்துட்டீங்களா?"

அவள் சாம்பலையும் ஆசிட்டையும் அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே ஊத்திப் பாருங்க சார். தப்பு அவரோடது இல்ல, என்னோடது."

அவர் ஊற்றினார். நுரை மேசையில் வழிந்தது. சிரிப்பு நின்றது.

வெளியே வராந்தாவில் அவள் மாமா முன்னால் நின்றாள். அவருக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"போன வாரம் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்மா," என்றார். "நீ கரின்னு எழுதுற, எனக்கு வெளுப்பாத் தெரியுதேன்னு. கண்ணுல ஒண்ணும் இல்லைன்னுட்டார். அப்பவும் நான் உன்னைத்தான் நம்பினேன்."