ஏரிக்கரை வாடகை

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘விலையம்மா’. காட்டுக்கும் ஆற்று மணலுக்கும் தேனீக்கும்கூட விலை போட்ட பேராசிரியை வேறென்ன பெயரை எதிர்பார்க்க முடியும்? அது காதில் விழுந்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

“சும்மா கிடைக்குதுன்னு நினைச்சா அள்ளிட்டுப் போயிடுவாங்கப்பா. விலைன்னு ஒண்ணு இருந்தா ஒரு நிமிஷமாவது யோசிப்பாங்க” என்பார். சுற்றுச்சூழல் பொருளாதாரத்தை இருபது வருடங்களுக்கு மேல் அவர் நடத்தியது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

ஊர் ஏரிக்கு விலை கணிக்கும் வேலையை நகராட்சி கொடுத்தபோது, மாணவர்களை அனுப்பிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார அவருக்கு மனம் வரவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு தானே ஏரி வாசலில் நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வந்தீர்கள், என்ன செலவாயிற்று என்று ஒவ்வொருவராக மறித்துக் கேட்டார். நிற்காமல் ஓடியவர்களிடம் கூடவே ஓடிக் கேட்டார். ஓர் இடத்துக்கு வந்துபோக மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை வைத்து அந்த இடத்தின் மதிப்பை அளப்பது அவருடைய துறையில் பழகிப்போன வழி.

அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது வினை. ஏரியின் கிழக்கு மூலையைத் தூர்த்து கார் நிறுத்தம் கட்டத் துடித்தவர்கள் அந்த அறிக்கையையே தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீரைவிடக் கார் நிறுத்தம்தான் அதிகம் பெறுமாம், விலையம்மாவே சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் முடிவு. எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வாரம் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது. வாளியை நகர்த்திக்கொண்டே அவர் கணவர், பல் டாக்டர், வழக்கமான பாட்டை எடுத்துவிட்டார்.

“இந்த ஓட்டை வீட்டுக்குக் குடுக்கிற வாடகைக்கு, டவுனுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் வச்ச வீடே கிடைக்கும். என் முட்டிக்கு மூணாவது மாடி தேவையா?”

“ஏரி பக்கத்துல இருக்குன்னு நீங்களும்தானே தலையாட்டுனீங்க?”

“நீ ஆட்டச் சொன்ன, ஆட்டுனேன். காலையில அந்தக் கிழக்கு மூலை வரைக்கும் காலாற நடக்கிறதுக்கு மாசாமாசம் தண்டம் அழறோம்.”

விலையம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “என்ன சொன்னீங்க?”

“ஐயோ, ஒண்ணும் சொல்லலம்மா. வாஷர் மாத்திடறேன்.”

பஸ்ஸில் வந்தவர்களுக்கும் காரில் வந்தவர்களுக்கும் கணக்கில் செலவு இருந்தது. நடந்து வந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. கிழக்கு மூலைக்குத் தினமும் வருவதோ அவர்கள்தான். அவர்கள் ஓசியில் வரவில்லை. ஏரிக்கான பணத்தை வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தானும் அப்படித்தான் என்பது அவருக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொன்னார்: “என் அறிக்கை தப்பு.”

நகராட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா இது! இப்ப வந்து தப்புன்னா உங்க பேரு என்னாகும்?”

“பேரை எப்படியாவது சம்பாதிச்சுக்கலாம் சார். தூர்த்த ஏரிய யாரு திரும்பத் தோண்டப் போறா?”

“சரி, சரியான விலைதான் என்ன?”

“இன்னும் தெரியாது.”

“விலையம்மாவுக்கே விலை தெரியலையாம்!” என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு மேசைக்கு மேசை பரவியது. அவருக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் மூன்று மாத அவகாசம் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பிறகு கணவனும் மனைவியும் தெருத் தெருவாக வாடகை விசாரித்து அலைந்தார்கள். டாக்டருக்கு உள்ளூரக் குஷி. ஆராய்ச்சி என்று எவ்வளவு சொல்லியும் ஒரு வீட்டுப் புரோக்கர் விடுவதாயில்லை. டவுனுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் வைத்த வீடு ஒன்றைத் திறந்து காட்டினார். வாடகை அவர்கள் கொடுப்பதைவிடக் குறைவு. டாக்டர் குழாய்களைத் திறந்து பார்த்தார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“பிடிச்சிருக்கா சார்?”

“எல்லாம் சரிதான். காலையில எங்க நடக்கிறது?”

“மொட்டை மாடி இருக்கே சார்! எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்துங்க.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். “எழுதிக்கோ,” என்றார்.

விலையம்மா எழுதிக்கொண்டார். அந்தப் புதுக் கணக்கில் கிழக்கு மூலை கார் நிறுத்தத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கார்களுக்கு நகராட்சி வேறு இடம் தேடியது. பழைய அறிக்கை எங்கே, எப்படிச் சறுக்கியது என்பதுதான் இப்போது அவருடைய முதல் வகுப்பு. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. டாக்டர்தான் முன்போல் புலம்புவதில்லை.