தண்ணீர்த் தொட்டிக்கு வந்த கட்டிகள்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், ஒட்டடைக்குச்சிக்குப் புடவை கட்டினது மாதிரி இருப்பாள். அவள் உடைப்பது கான்கிரீட் கட்டி. அதனால் வந்த பெயர்.

அரசாங்கம் பாலம் கட்டினாலும் பள்ளிக்கூடம் கட்டினாலும், அங்கே ஊற்றுகிற கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் ஊற்றி, நீளம், அகலம், உயரம் மூன்றும் அரையடி இருக்கிற கட்டியாக வார்த்து, இந்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய கட்டியை அவள் இடுப்பில் அணைத்துத் தூக்கிவந்து மிஷினில் வைப்பாள். எட்டுக் கிலோ இருக்கும். பிடியைத் திருகினால் தகடு இறங்கிக் கட்டியை நசுக்கும். வட்ட முகப்பில் முள் ஏறிக்கொண்டே போகும். கட்டி உடைகிற இடத்தில் நின்றுவிடும். ஐந்நூற்று அறுபதைத் தாண்டினால் தேறியது. அந்த எண்ணை நோட்டில் எழுதிக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை, இன்றுவரை தினக்கூலி.

இதில் ஒரு வழக்கம் உண்டு. சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள்; நம்பாவிட்டால் போகட்டும், நடப்பதைத்தானே சொல்ல முடியும். கட்டடத்துக்கு ஊற்றுகிற கலவை வேறு, கட்டிக்கு ஊற்றுகிற கலவை வேறு. கான்ட்ராக்டரின் குடோனுக்குப் பின்னால் தனியாக ஒரு மூலை இருக்கும். அங்கே சிமென்டைத் தாராளமாகக் கொட்டி, கல்லைப் பொறுக்கிப் போட்டு, பச்சைக் குழந்தைக்குச் சோறு பிசைவது போலப் பதம் பார்த்துக் கலந்து கட்டி வார்ப்பார்கள். விருந்தாளி வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

அவளுக்கு இது சேர்ந்த மாதமே தெரிந்துவிட்டது. கேட்டும் பார்த்தாள். அப்போது கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர், "உன் வேலை வந்த கட்டியை உடைக்கிறதும்மா. எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறது இல்ல," என்றார். வையவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார். தினக்கூலிக்காரியை நாளைக்கு வராதே என்று சொல்ல ஒரு கடுதாசிகூட வேண்டாம். பிறகு கட்டிகள் வந்தன, உடைத்தாள், எழுதினாள். சாலைக் கட்டி, பாலத்துக் கட்டி, ஆஸ்பத்திரிக் கட்டி. எல்லாம் படாரென்று வெடித்தன. நல்ல கலவை அப்படித்தான் உடையும்.

வீட்டுக்காரர் ஷேர் வேன் ஓட்டுகிறவர். அவள் தேற வைத்த சாலையில்தான் ஓட்டினார். முதல் மழைக்குச் சாலையின் மேல்தோல் உரியும், இரண்டாம் மழைக்குக் குழி விழும். வருஷத்துக்கு இரண்டு தடவை வேனின் ஸ்பிரிங் பட்டை முறிந்து, மகளின் பள்ளிக்கூடப் பணம் மெக்கானிக்கின் பைக்குப் போகும். காய்கறி லாரிக்காரர்கள் அந்தப் பக்கமே வர மாட்டோம் என்றதும் கடையில் தக்காளி நகை விலைக்கு ஏறியது. ரோடும் இல்லை தண்ணீரும் இல்லை என்று ஐஸ் ஃபாக்டரி வேறு ஊருக்குப் போனது. அதில் வேலை பார்த்த நாற்பது குடும்பத்தில் பாதி பின்னாலேயே போயிற்று, வேனில் ஏற ஆள் குறைந்தது. சாயங்காலம் வந்து அவர் முதுகைக் காட்டுவார், அவள் தைலம் தேய்ப்பாள். அந்தச் சாலையின் கட்டிக்கு முள் அறுநூற்று எண்பதில் நின்றது ஞாபகம் வரும். தேய்த்துக்கொண்டே இருப்பாள். வருத்தமா என்றால் இல்லை, கோபமா என்றால் அதுவும் இல்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்கிறது, அவ்வளவுதான்.

அவர்கள் தெருவில் குழாய் கிடையாது. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடத்தில் பிடிப்பார்கள். பதினோரு வருஷம் மனு எழுதி எழுதி, கடைசியில் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு உத்தரவு வந்தது. கட்ட இடம் கிடைத்தது அவள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்சுவரை ஒட்டி. எட்டுக் கால், அறுபதடி உயரம், மேலே இரண்டு லட்சம் லிட்டர். எதிர்வீட்டுத் தையற்காரி, "அக்கா, இனிமே உங்க கொல்லையிலேயே அருவி. எங்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுடாதீங்க," என்று சிரித்தாள்.

எட்டுக் காலும் எழும்பி நின்றபோது, அந்தக் கால்களின் கட்டிகள் மூன்று கூடத்துக்கு வந்தன. முதல் கட்டியை வைத்துப் பிடியைத் திருகினாள். முள் நூறு போயிற்று, இருநூறு போயிற்று, இருநூற்றுத் தொண்ணூறில் நின்றுவிட்டது. சத்தமே வரவில்லை. மிஷின் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். கட்டி, டீயில் நனைத்த பிஸ்கெட் மாதிரி ஓரமெல்லாம் உதிர்ந்து உட்கார்ந்திருந்தது. நல்ல கட்டியில் கல்லும் சேர்ந்து பிளக்கும். இதில் கல் கழுவி வைத்தாற்போல முழுசாகக் கழன்று வந்தது. பிடித்து வைக்கச் சிமென்ட் இல்லை. அடுத்தது முந்நூற்றைந்து, அதற்கடுத்தது இருநூற்று எண்பது. பழக்கத்தில் கை மூன்று எண்களையும் எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் எந்த வேலை, எந்தத் தெரு என்று சீட்டைப் படித்தாள். தன் தெரு.

இன்ஜினியர் நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது?"

"முள் அங்கதான் சார் நின்னுச்சு."

"மூணுமா?"

"மூணும்."

"கட்டி வார்த்தவன் கம்பியால சரியா குத்தி இறுக்கலை போல. வார்ப்பு சரியில்லைன்னு எழுதி வேற கட்டி கேப்போம்."

"சார், அது எங்க வீட்டுக்குப் பின்னால..."

"தெரியும்மா. உங்களுக்குத் தண்ணி வேணாமா?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "இதை அப்படியே மேல அனுப்பினா வேலை நிக்கும். கமிட்டி வரும், கமிட்டி மேல இன்னொரு கமிட்டி வரும். எட்டுக் காலும் அப்படியே நிக்கும், உன் பேத்தி வந்து அதுல துணி காயப் போடுவா."

மறுநாள் காலையில் ஒரு மேஸ்திரி கூடத்து வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். அதுவரை தனியார் வீடுகளே கட்டியவர், கான்ட்ராக்டரிடம் புதிதாகச் சேர்ந்தவர், அந்தக் கட்டிகளை வார்த்தவர்.

"என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கம்மா. கட்டி சரியா ஊத்தலையாம். அச்சுக்கு எண்ணெய் தடவினேன், மூணு தடவையா ஊத்தி ஒவ்வொரு தடவையும் நல்லா குத்தினேன். நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க, அடுத்த இடத்துல திருத்திக்கறேன்."

"எந்தக் கலவையை எடுத்து ஊத்தினீங்க?"

"காலுக்கு ஊத்தினதைத்தான். வேற எதை ஊத்துவாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் ஊத்தியிருக்கீங்க," என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் கான்ட்ராக்டரே வந்தார், வேனில் மூன்று புதுக் கட்டிகளோடு. அவர் குடோனில் எந்தத் தேதிக்கும் பொருந்தும்படி ஊறிக்கொண்டே கிடக்கிற கட்டிகளில் மூன்று. "அந்தாளு புதுசு தங்கச்சி. பழக்கம் தெரியாம டேங்குக்கு ஊத்தினதையே அச்சிலயும் ஊத்திட்டான்," என்றார், குழந்தை பாயை நனைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வழக்கத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "டேங்குக்கே கொஞ்சம் சிமென்ட் சேர்த்துப் போட்டா என்னண்ணே?"

அவர் கோபப்படவில்லை. கட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எதுலேருந்து சேர்க்கட்டும், நீயே சொல்லு. டெண்டர் என் பேர்ல விழணும்னா மேல ஒருத்தருக்கு. வேலை ஆரம்பிக்கணும்னா கீழ ஒருத்தருக்கு. உங்க சார் இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு அவர் மாமனார் நிலத்தை வித்துக் குடுத்திருக்காரு, அது அவருக்குத் திரும்பி வரணுமில்ல? பில்லு பாஸாக ஒன்றரை வருஷம், அதுவரைக்கும் வட்டி. இதையெல்லாம் சேர்த்து ரேட்டு போட்டா வேலை எனக்கு வராது, குறைச்சுப் போட்டவனுக்குப் போயிடும். கம்பியைக் குறைச்சா போட்டோவுல தெரியும். சிமென்ட் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியாது."

"விழுந்துட்டா?"

"உடனே எல்லாம் விழாது தங்கச்சி," என்றார். அதுவும் பொய்யில்லை, அவர் அறிந்ததைத்தான் சொன்னார்.

கட்டிகளைத் தூக்கினாள். அவற்றின் மேல் டேங்கின் நம்பரை அப்போதுதான் எழுதியிருந்தார்கள். சிவப்புப் பெயின்ட் விரலில் ஒட்டியது. கழிவுத் துணியில் துடைத்துவிட்டுப் பிடியைத் திருகினாள். படார், எழுநூற்றுப் பத்து. படார், அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்றாவதும் அப்படியே. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். முந்தின பக்கத்தில் இன்ஜினியர் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'வார்ப்பில் பிழை' என்று எழுதினார். அவள் எழுதிய ஆறு எண்ணில் ஒன்றுகூடப் பொய்யில்லை. யார் வந்து தோண்டிக் கேட்டாலும் அந்த நோட்டில் ஒரு பொய்யைக் காட்ட முடியாது.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கடைக்குப் போய் என்ன வாங்கினேன் என்று சொல்கிற குரலில்.

"கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"இப்போ என்ன பண்றது?"

"வேற வீடு பாருங்க."

"தண்ணி வரப்போற நேரத்துல யாராவது வீட்டைக் காலி பண்ணுவாங்களா?"

"பாருங்க," என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. ஒரே அறை, சமையலுக்கு ஒரு மறைப்பு. சாமான் ஏற்றுகிற அன்றைக்குத் தையற்காரி வந்து நின்றாள். அவளிடம் மட்டும் சொன்னாள், டேங்கு சரியில்லை, முடிந்தால் நீயும் போய்விடு என்று.

"பதினோரு வருஷம் குடம் தூக்கி என் இடுப்பு விழுந்தாச்சுக்கா. டேங்கு விழறப்போ பாத்துக்கலாம்." பிறகு சிரிப்பு நின்று, "இவ்ளோ தெரிஞ்சு நீங்க ஏன் கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்டாள்.

கட்டியக்கா வேனில் பாயைச் சுருட்டி வைத்தாள். பாய் சரிந்தது, மறுபடி வைத்தாள். வேன் கிளம்பும்வரை தையற்காரி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

தொட்டி முடிந்தது, ரிப்பன் வெட்டினார்கள், தண்ணீர் ஏறியது. அந்தத் தெருவில் வாடகை ஒன்றரை மடங்கு ஆயிற்று. அவள் காலி செய்த வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அந்த வாடகை கொடுத்து வந்தது. கட்டியக்காவின் புதுத் தெருவுக்குக் குழாய் வரவில்லை. அதற்கு வேறு டெண்டராம்.

அதனால் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்கே போகிறாள். டேங்கின் அடியில், எட்டுக் காலுக்கும் நடுவில், நாலு குழாய் வைத்திருக்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கும். பெண்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவளுடைய பழைய வீட்டின் பின்கட்டில் அந்தக் குழந்தையின் துணிகள் வரிசையாகக் காயும். அவள் மேலே பார்ப்பதில்லை. முறை வந்ததும் குடத்தை வைத்துக் குழாயைத் திறப்பாள். தண்ணீர் நல்ல வேகமாக வரும்.

"நகருங்கக்கா," என்பாள் பின்னால் நிற்கிறவள். "உங்க குடம் வழியுது."