பத்தாவது ஆள்

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு. கத்தோலிக்கக் கோயிலின் டேனிஷ் சுவாமி தன் மொழியில் பூசை வைப்பார். வாசகம், பாட்டு, மன்றாட்டு எல்லாம் தமிழில் எங்கள் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அதற்குக் காரணம் பெண்களின் பக்திக் குறைவு அல்ல. எங்கள் மனைவிமார் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் படுத்திருந்தன. சட்டப்படி அவர்களை வரவிட்டிருக்க வேண்டும், மேலிடம்தான் தடுத்து வைத்திருந்தது என்று நாடு பேசியது பிற்பாடு. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடிதம் போட்டால், 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வரும்.

நான் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நாற்பது வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் என் மனைவி வந்து சேர வேண்டும் என்ற மன்றாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எங்கள் கூட்டத்தை நடத்தும் மாஸ்டரிடம் கொடுப்பேன். அவர் வாசிப்பார், மற்றவர்கள் 'ஆமென்' சொல்வார்கள். எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே நம்பிக்கை அந்தத் துண்டுதான். மாஸ்டர் ஊரில் வாத்தியார். இங்கே வயோதிபர் இல்லத்தில் பாத்திரம் கழுவினார். இரண்டு இடத்திலும் அதட்டல் ஒன்றுதான்.

ஒருநாள் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, நம்முடைய பூசை எங்கிருந்து வந்தது என்று சுவாமி விளங்கப்படுத்தினார். வேதத்தை வாசித்துப் பிறகு பிரசங்கம் செய்வது, சங்கீதம் பாடுவது, 'ஆமென்', 'அல்லேலூயா' எல்லாம் யூதருடைய செபக்கூடத்திலிருந்து வந்தவை. அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து நன்றி சொல்வது அவர்களுடைய சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. முதல் கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் செபக்கூடத்துக்கும் போனார்கள், வீட்டில் கூடி அப்பமும் பிட்டார்கள். யூதருடைய செபக்கூடத்தில் பொதுச் செபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும் என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் அதை மட்டும் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கோயில் கதவில் மாஸ்டர் தமிழில் எழுதிய ஒரு காகிதம் தொங்கியது. 'ஆதித் திருச்சபை வழக்கப்படி, பத்து ஆண்கள் கூடினால் மட்டுமே மன்றாட்டு வாசிக்கப்படும்.' சுவாமியை விட்டால், நாங்கள் மாஸ்டரோடு சேர்த்து ஒன்பது பேர். முன்பு பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆர்மோனியத்தை யார் வீட்டில் வைப்பது என்ற சண்டையில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு விபோர்க் நகரத்துக்குப் பூசைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஆர்மோனியமும் அவர்களோடு போய்விட்டது.

"மாஸ்டர், ஒராள்தானே குறைவு," என்றேன்.

"நியமம் எண்டால் நியமம் தம்பி. உம்மட துண்டு என்னட்டைக் கவனமா இருக்கு."

கொப்பன்ஹேகனிலும் அதைத்தான் சொன்னார்கள். கிழமை முழுக்கப் பன்றியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு வந்ததும் நாங்கள் மோசேயின் பிள்ளைகளாக இருந்தோம். இரண்டு மாதம் மன்றாட்டே இல்லை. அதைத் தமிழரின் மௌன பக்தி என்று சுவாமி நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் என் அறை நண்பனைக் கேட்டேன். அவன் யாழ்ப்பாணத்துச் சைவன். அவனுடைய மனைவியின் விண்ணப்பமும் அதே மேசையில்தான் கிடந்தது.

"மச்சான், ஞாயிறு எங்கட கோயிலுக்கு வாறியா? ஒராள் குறையுது."

"பிரசாதம் தருவினமோ?"

"உனக்குத் தரமாட்டினம்."

"அப்ப தலை எண்ணத்தான் ஆள் வேணும். சரி, வாறன்."

"திருநீற்றை அழிச்சுப்போட்டு வா."

"அதுமட்டும் ஏலாது. தொப்பி போடுறன்."

கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தான். மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். பத்து. அவர் முகம் மலர்ந்தது. பிறகு தொப்பியைக் கண்டார்.

"கோயிலுக்கை தொப்பி போடக் கூடாது அண்ணை. கழட்டுங்கோ."

கழட்டினான். திருநீற்றின் மூன்று குறியும் பளிச்சென்று தெரிந்தன.

"இவர் கணக்கில வரமாட்டார்," என்றார் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டர், நான் ஆம்பிளை இல்லையோ?" என்றான் அவன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுச் சுவாமி பீடத்திலிருந்து இறங்கி வந்து விசாரித்தார். மாஸ்டர் காகிதத்தைக் காட்டி விளக்கினார். சுவாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். பிறகு சொன்னது என் தொழிற்சாலை டேனிஷுக்கே விளங்கியது. "பத்துப் பேர் கணக்கு யூதருடைய வழக்கம். அதை நான் கதையாகச் சொன்னேன், நம்முடைய திருச்சபை அதைச் சட்டமாக எடுத்ததே இல்லை. யூதர் அல்லாதவர்களும் அந்தச் செபக்கூடங்களுக்குக் கேட்க வந்து உட்கார்ந்திருப்பார்கள்; முதல் கிறிஸ்தவர்களில் பலர் அவர்களிலிருந்து வந்தவர்கள்தான். இவரை அங்கேயே இருக்க விடுங்கள்."

மாஸ்டர் என் துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். இரண்டு மாதத்தில் அது சட்டையோடு சேர்ந்து தோய்க்கப்பட்டிருந்தது. மை ஒரு நீலத் திட்டாக மட்டும் மிச்சம்.

"வாயால சொல்லும்," என்றார். குரலில் அதட்டல் இல்லை.

எழுந்தேன். முன் வாங்கைப் பிடித்துக்கொண்டேன். "மன்னாரில இருக்கிற என்ரை மனுசி..." என்று தொடங்கினேன். "வந்து சேர வேணும்," என்று முடிக்கப் பூசையில் பாதி நேரம் போனதுபோல் இருந்தது.

யாரும் 'ஆமென்' சொல்லுமுன் கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "என்ரை மனுசியும்."

அதன் பிறகு வாங்கு வாங்காக எழும்பினார்கள். என்ரையும், என்ரையும். கடைசியாக மாஸ்டர் எழும்பினார். அவருக்கும் ஊரில் ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்காக அவர் அதுவரை ஒரு துண்டும் எழுதியதில்லை.

'ஆமென்' சொல்லும்போது சைவனுடைய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

வெகுகாலம் கழித்து அந்த மேசை கண் திறந்தது. என் மனைவி ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது நண்பனும் கூட வந்திருந்தான், நெற்றி நிறையத் திருநீற்றோடு. அவனுடைய மனைவிக்கு இன்னும் பதில் வரவில்லை.

"ஆர் இவர்?" என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பத்தாவது ஆள்," என்று அவனே சொல்லிவிட்டு அவளுடைய பெட்டியைத் தூக்கினான். "தங்கச்சி, வாற ஞாயிறு பூசைக்கு நீங்களும் வரவேணும். என்ரை மனுசி இன்னும் வரேல்லை."