ராணி கன்னத்து மரு

கடல் தாண்டிய தீவில், குட்லண்ட்ஸ் ஊருக்குப் பக்கத்தில், துண்டு நிலத்தில் கரும்பு போட்டிருந்த மருதை, வருஷம் முழுக்க மண்வெட்டியோடு மல்லுக்கட்டுகிற ஆள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ராணி. கோயில் திருவிழாக் கூத்தில் அவன் பெண் வேஷம் கட்டி வந்தால், ஊரில் இருக்கிற நிஜப் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அவ்வளவு அழகு. இதை அவன் பெண்சாதி பாக்கியம் மட்டும் ஒத்துக்கொண்டதே இல்லை.

அந்த வருஷம் ராணியின் இடது கன்னத்தில் ஒரு மரு முளைத்தது. முதலில் கடுகு மாதிரி இருந்தது. மருதை கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே அதை மிளகாக்கிவிட்டான்.

ஒத்திகைக்குப் போனால் கூத்து வாத்தியார் முனிசாமி அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏண்டா, நீ பாடுறதை ஜனம் கேக்கணுமா, இதை வேடிக்கை பாக்கணுமா? திருவிழாவுக்குள்ள எடுத்துடு. இல்லேன்னா ராணி வேஷம் அப்பாசாமிக்கு."

அப்பாசாமியா! அவன் பாடினால் மாட்டுவண்டி அச்சுக்கு எண்ணெய் போடச் சொல்லத் தோன்றும். மருதை அன்றைக்கே வைத்தியம் தேடக் கிளம்பினான்.

ஊரில் வைத்தியருக்குப் பஞ்சமா? அம்பட்டர் குதிரைவால் மயிரால் இறுக்கிக் கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பைக் குழைத்து வைக்கச் சொன்னார். மருதை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். பாக்கியம்தான் ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "நீங்க யாருக்குப் பண்ணி நல்லாச்சு? அவங்க மூஞ்சியக் காட்டுங்க." அத்தோடு பேச்சு முடிந்தது.

குட்லண்ட்ஸ் சந்தையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் புட்டிகளை அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். பாரீசில் படித்தவராம். அப்படியே பலகையில் எழுதியும் மாட்டியிருந்தது. கத்திரிக்காய் விற்க வந்த பாக்கியத்தை விட்டுவிட்டு மருதை நேராக அங்கே போய்க் கன்னத்தைக் காட்டினான்.

"ஒரே சொட்டு. மூணு நாள்ல உதிர்ந்துடும்," என்றார் அவர்.

மருதை முகத்தில் அப்போதே ராணிக் களை வந்துவிட்டது. அதற்குள் பாக்கியம் கூடையோடு வந்து நின்றாள்.

"புட்டியில என்ன இருக்கு, மெசியே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டாள்.

"அது தொழில் ரகசியம்."

"சரி, அந்தச் சொட்டை முதல்ல இதுமேல விடுங்க," என்று ஒரு கத்திரிக்காயை நீட்டினாள்.

கூட்டம் கூடிவிட்டது. மாட்டேன் என்று சொல்ல முடியாமல் அவர் விட்டார். சொட்டு விழுந்த இடம் பொரிந்து, பழுத்து, விரல் நுழைகிற பள்ளமானது.

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சி கத்திரிக்காயைவிட மெல்லிசு," என்று பாக்கியம் சொல்ல, சந்தையே சிரித்தது. மருதை மட்டும் சிரிக்கவில்லை. "மூணு நாளுன்னாரே புள்ள," என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தான்.

அடுத்த தெரு ஜோசெட்டுக்குத் தாடையில் இதே மாதிரி ஒன்று இருந்து போனது பாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது. போய் அவளை வெயிலில் உட்காரவைத்து, பேன் பார்க்கிற மாதிரி தாடையைத் தடவித் தேடினாள். தழும்பே இல்லை. யார் எடுத்தது என்று கேட்டாள். சர்க்கார் மருந்தகத்து டாக்டர் என்றாள் ஜோசெட்.

மருதையை இழுத்துக்கொண்டு போன பாக்கியம் கேட்டதற்கெல்லாம் அந்த டாக்டர் பதில் சொன்னார். எங்கே படித்தார், அவர் கையிலிருந்த குச்சியில் இருப்பது என்ன மருந்து, எப்படி வேலை செய்யும், எல்லாம். பென்சில் போலிருந்த அந்தக் குச்சியை வாரம் ஒரு தடவை தொட்டு வைக்க வேண்டுமாம். மரு கறுத்து, மெல்லக் காய்ந்து விழுமாம்.

"திருவிழாவுக்குள்ள விழுந்துடுமா, டாக்டர் ஐயா?"

"விழாது. அதுவரைக்கும் கறுப்பா இருக்கும். கிள்ளக் கூடாது, மேலே எதுவும் பூசக் கூடாது. சீக்கிரம் வேணும்னா வேற ஆளைப் பாருங்க. நான் பண்ண மாட்டேன்."

வெளியே வந்ததும் மருதை வெடித்தான். "இந்த ஆளால ஒண்ணும் ஆகாது!"

"முடியாதுன்னு சொன்ன ஒரே ஆளு இவர்தான். அதான் எனக்கு இவர் போதும்."

"வேஷம் போயிடும், புள்ள."

"வேஷம் அடுத்த வருஷமும் வரும். இந்தக் கன்னத்துல பள்ளம் விழுந்தா, கடைசிவரைக்கும் எதிர உக்காந்து பாக்கப்போறவ நான்."

மருதை வாசலிலேயே நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்தான். சந்தையில் பார்த்த கத்திரிக்காய் கண்முன் வந்தது. அப்பாசாமியின் குரல் காதில் வந்தது. பிறகு உள்ளே போய்க் கன்னத்தைக் கொடுத்தான்.

கூத்தன்று மரு கரியாய்க் கறுத்திருந்தது. வாத்தியார் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று வேஷம் போட உட்கார்ந்தான். பாக்கியமே அரிதாரம் பூசினாள். மரு மேல் படாமல் ஓரம் கட்டிக் கட்டிப் பூசினாள். முகம் முழுக்க ரோஜா நிறம், இடது கன்னத்தில் வட்டமாக ஒரு கறுப்பு.

முனிசாமி வந்தார். பின்னால் ராணி சேலையைக் கையில் போட்டுக்கொண்டு அப்பாசாமி, இப்போதே தொண்டையைச் செருமியபடி. வாத்தியார் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அட! திருஷ்டிப் பொட்டு வெச்சது யாரு?"

"டாக்டர்தான், வாத்தியாரே," என்றாள் பாக்கியம். "அழிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

முனிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இடம் பார்த்துத்தான் வெச்சிருக்காரு. அழகான பொண்ணுக்கு வேணும்தானே! அப்பாசாமி, சேலையக் குடுத்துட்டு நீ போய்த் தாளம் போடு."

திரை விலகி ராணி வந்தாள். முன்வரிசைப் பெண்கள் வழக்கம்போல முக்காட்டை இழுத்தார்கள். பாக்கியம் திரை ஓரத்தில் நின்று பார்த்தாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், இரண்டு கையையும் மருதை பக்கமாக வீசி, தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறித்தாள்.