பேய் போட்டிருந்த சட்டை என்ன கலர்?

இன்னிக்கு தேனாம்பேட்டைல கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிண்டு உக்காரச் சொல்லிட்டா.

பக்கத்துல ஒருத்தர், அவருக்கும் சொட்டு மருந்து. பேச்சு எப்படியோ மெட்ராஸுக்கு டிவி வந்த புதுசுக்குப் போயிடுத்து.

"நான்கூட ஒரு நாடகத்துல நடிச்சிருக்கேம்மா. செத்துப்போன அண்ணன் பேயா வந்து, தம்பிக்கும் தங்கச்சிக்கும் பரீட்சைல பதில் சொல்லிக் கொடுப்பான். காமெடி நாடகம். கொஞ்ச வாரத்துலயே நிறுத்திட்டாங்க. அந்தப் பேய் நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலாப்பூர்ல எதிராத்து ஜன்னல்ல தொங்கிண்டு நான் பார்த்த நாடகம்!

ஆனா உடனே நம்பிடுவேனா? இந்த ஊர்ல ரிட்டயரான பாதிப் பேர் எதுலயாவது நடிச்சவாதான்.

"பேய் என்ன கலர் சட்டை போட்டுண்டிருக்கும்?"னு கேட்டேன்.

"கிளிப்பச்சை. எங்க அக்கா தைச்சுக் கொடுத்தது."

மாட்டிண்டார்! அது நீலம். இன்னும் என் கண்ணுலயே நிக்கறது. "ஓஹோ"ன்னுட்டு, மூடின கண்ணோட தடவிண்டே ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்துட்டேன்.

ஆத்துக்கு வந்ததும் தங்கைக்கு போன் பண்ணி, ஒரு டூப் பேர்வழியைப் பிடிச்ச கதையைப் பெருமையா சொன்னேன்.

"அக்கா, அப்போ ஏது கலர் டிவி? எதிராத்து மாமா டிவி மேல நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தாரே! செய்தி வாசிக்கறவா மூஞ்சியே நீலமாத்தானே இருக்கும்?"

அப்போ பச்சைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? போட்டுண்டவருக்குத்தானே தெரியும்?

இருந்தாலும் கேட்டுடறேன். உங்க தெருவுல யாராவது டிவிக்குப் பச்சைத் தாள் ஒட்டியிருந்தேளா? இருந்தா சொல்லுங்கோ. எனக்கு அந்த ஆள் மேல இன்னும் சந்தேகம் தீரலை.