சாமி அறையின் பின்சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் முடித்துப் பார் என்று சொல்லுவார்கள். இரண்டாவதை நான் பார்க்கவில்லை. முதலாவதையும் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இருந்த வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்டினேன், அவ்வளவுதான். அதற்கே என் கூடப்பிறந்த அண்ணாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கதைக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். கலியாணமும் முடித்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு ஒழுங்கைக்குள் நீட்டுக்குக் கிடக்கிற ஓட்டு வீடு. முன்னுக்கு ஹோல், பிறகு ஜன்னலில்லாத சின்னச் சாமி அறை, அதோடு ஒட்டி அம்மாவின் அறை, என் அறை, கடைசியில் சமைக்கிற குசினி. குளிக்கிறதும் மற்றதும் குசினிக்கு வெளியே, இரண்டு படி இறங்கி. அந்தப் படியில்தான் அம்மா வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்புக்குத் தகடு வைத்து, கையில் வோக்கரைக் கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது, அண்ணா காரை நேரே வெள்ளவத்தைக்கு, தன்னுடைய ஃபிளட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் கேட்கவில்லை. அம்மாவின் உடுப்பும், அவ கும்பிடுகிற பிள்ளையார், முருகன், அம்மன் படங்களும் அடுத்த நாள் ஓட்டோவில் போயின.

அந்தக் கிழமை அண்ணா எனக்குத் தெளிவாகச் சொன்னார். அது ஆள் இருக்கிற வீடில்லை, அம்மா இனித் தன்னோடுதான் என்று. மூன்று மாதம் தாருங்கள், வீட்டுக்குள்ளேயே படியில்லாத பாத்ரூம் கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஒரு சுவரில் ஆணி அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு படித்துக்கொள்ளுவேன் என்றேன். அவருக்கு எரிச்சல் வருகிற வசனம் அது. அவர் சோதனை சோதனையாக எழுதி, சான்றிதழ் சான்றிதழாக வாங்கி வங்கியில் உயர்ந்தவர். நான் உயர்தரத்தோடு நின்று, கடைத்தெரு நெற் கபேயில் மணிக்கணக்காக இருந்து, ஆரோ எழுதியதைப் பார்த்துப் பார்த்து எழுதி, சொப்ட்வெயார் வேலைக்கு வந்தவள். இருபது வருசமாகியும் அவருக்கு அது வேலையில்லை. ஆரும் கேட்டால், "அவ வீட்டில இருந்து கொம்பியூட்டர் தட்டுறா" என்பார்.

அதற்குள் இன்னொரு முள்ளும் இருந்தது. அந்த வீடு என் பெயரில். எனக்கு இருபத்திமூன்று வயதாக இருக்கும்போது அப்பா சீதனமென்று எழுதிவைத்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு, அதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். பிறகு மாப்பிள்ளை வரவில்லை, வந்ததை நான் வேண்டாமென்றேன், வீடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அண்ணா அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் கேட்காத கேள்விதான் அதிக நாள் உயிரோடு இருக்கும்.

களனிப் பக்கத்திலிருந்து சுவர் கட்ட ஒரு மேசன் வந்தார், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயதிருக்கும். சிங்களம்தான் கதைப்பார், இடையிடையே தமிழைத் தொட்டுக்கொள்ளுவார். எனக்கு அவருடைய கதை பிடிக்கும். தண்ணிக்கு நீ வழி காட்டாவிட்டால் அது தானாக ஒரு வழி பார்க்கும், அது உனக்குப் பிடிக்காது என்பார். மனிதருக்கும் இதே கணக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்ளுவேன். என் வேலை மேசையை ஹோலில் ஒரு பிளாஸ்டிக் சீலைக்குள் வைத்திருந்தேன், நுளம்பு வலைக்குள் பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி. பின்னேரம் இரண்டரைக்கு வெளிநாட்டு ஆட்களோடு மீற்றிங். கிரைண்டர் சுவரை அறுக்கிற சத்தத்தில் நான் வாயைத் திறப்பதும் மூடுவதும்தான் அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் சொப்ட்வெயாரின் புதுப் பதிப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாஸ் எந்த வயரிலோ கைவைக்க ட்ரிப் சுவிச் விழுந்து, பாதி ஏறி பாதி ஏறாமல் நின்றது. அந்த நேரம் நான் அந்த மனிசனுக்குச் சொன்ன சொற்கள் எனக்குச் சிங்களத்தில் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "மிஸ்ஸுக்கு இப்ப சுகமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா வருவார். உதவிக்கில்லை, பிழை பிடிக்க. டைல்ஸைக் காலால் தேய்த்து, வழுக்கும் என்பார். வழுக்காத டைல்ஸ் என்று பெட்டியைக் காட்டினால், பெட்டியில் எதையும் அடிக்கலாம் என்பார். அம்மாவுக்காகச் சுவரில் பூட்டிய பிடி கம்பியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பார். அது அசையாவிட்டால் அவருக்கு முகம் வாடும். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் வருகிற நேரம் பார்த்து பாஸுக்குத் தேத்தண்ணி ஊற்றுவேன், அவருக்கு ஊற்றமாட்டேன். எங்கள் வீட்டில் எவ்வளவு கோபம் வந்தாலும் அண்ணாவை நான் 'நீ' என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் எங்கள் சண்டை எப்போதும் மரியாதையாகத்தான் நடக்கும். மரியாதையாக நடக்கிற சண்டைதான் இறங்காமல் உள்ளே கிடந்து புளிக்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

வீட்டுப் பிளானை நானே கொம்பியூட்டரில் கீறினேன், அம்மாவின் அறையில் ஒரு பக்கத்தைத் தடுத்துப் பாத்ரூம். சாமி அறையில் படங்கள் இல்லை, எல்லாம் வெள்ளவத்தையில். வெறும் அறை. மழைக்காலம் வேறு, சீமெந்துப் பையை எங்கே வைப்பது? அங்கே வைத்தோம். பிறகு பெயின்ற் வாளிகள், பைப்புகள். பாஸ் அதை ஸ்டோர் என்றார். நானும் ஸ்டோர் என்றேன். ஒரு நாள் பிளானைத் திருத்தும்போது, சாமி அறை என்று இருந்த இடத்தில் ஸ்டோர் என்றே மாற்றி எழுதிவிட்டேன். வேலையில் ஒரு பெயரை இப்படி யோசிக்காமல் மாற்றினால் நான் மற்றவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

கொமட்டை எந்தச் சுவரில் வைப்பது என்று பாஸ் கேட்டபோது நான் மீற்றிங்கில் இருந்தேன். ஒரு காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிக் கேட்டேன். "ஸ்டோர் பெத்தென் தமாய் லேசி, மிஸ்." ஸ்டோர்ப் பக்கச் சுவர்தான் சுகம், பைப் நீளம் குறைவு. திரையில் பிளானைப் பார்த்தேன். ஸ்டோர். சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் அதைத் திருப்பிக் காதில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணா வந்தார். புதுக் கொமட்டைப் பார்த்தார். பிறகு அங்கிருந்து வெளியே வந்து, சீமெந்துப் பைகளுக்கு நடுவே போய் நின்று, சுவரில் கையை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாண் போட்டார். போனை எடுத்து இரண்டு படம். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அன்றைக்கு டைல்ஸைப் பற்றிக்கூடக் குறை சொல்லாமல் போனார்.

விளக்கு வைக்கிற நேரம் அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, கக்கூசைச் சாமிக்கு முதுகோட கட்டி வச்சிருக்கிறாய் எண்டு அண்ணா படம் காட்டுறான். மெய்யே?"

எழும்பிப் போய் அந்த அறையைப் பார்த்தேன். சுவரில், படங்கள் தொங்கிய இடத்தில் மூன்று வெளிறிய சதுரங்கள். அதற்கு நேரே பின்னால் கொமட். ஓம், மெய்தான் என்றேன். அம்மா போனை வைத்துவிட்டா.

அடுத்த நாள் பாஸிடம் எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னேன். அவர் உளியை எடுக்கவில்லை. டைல்ஸும் பைப்பும் காய்ந்து இறுகிவிட்டது, மறு சுவருக்குக் கொண்டுபோனால் நிலத்தை முழுதாகக் கிளற வேண்டும், அம்மா வருகிற நாள் இன்னும் ஒரு மாதம் தள்ளும் என்று கணக்குச் சொன்னார். பிறகு, சுவரை உடைக்க ஒரு கிழமை, மனசை மாற்ற ஒரு நிமிசம், சுகமானதை முதலில் செய்து பாருங்கள் என்றார். எங்கள் வீட்டு மனசுகளை அவருக்குத் தெரியாது.

ஆனாலும் அன்று பின்னேரம் மீற்றிங்கை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி உள்ளே போய்விட்டா. அம்மா வோக்கரை முன்னுக்கு நிறுத்திக் கதிரையில் இருந்தா. அப்போதுதான் வங்கியிலிருந்து வந்த அண்ணா நின்றபடியே தொடங்கினார்.

"அம்மா வரமாட்டா. சாமிக்குப் பின்னால கக்கூஸ் கட்டின வீட்டில ஆர் இருப்பினம்?"

"அந்தச் சாமி அறைக்குள்ள ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் சப்பாத்தோடதானே வந்து நிண்டனீங்கள். நேற்றுவரைக்கும் உங்களுக்கும் அது ஸ்டோர்தான்."

அவர் முகம் சிவந்தது. அப்போதுதான் அந்தக் கேட்காத கேள்வி வெளியே வந்தது.

"கலியாணம் நடக்கேல்லை, சீதனம் மட்டும் நடந்திட்டுது. வீட்டை வச்சிரு. ஆரும் கேக்கேல்லை. அம்மாவை விடு."

அம்மா வோக்கரை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினா.

"நான் என்ன அலுமாரியே, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிறதுக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பி, கட்டிலிலிருந்து கக்கூசுக்கு எத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும் என்று கேட்டா. என்னுடைய எட்டில் ஏழு, உங்களுடைய எட்டில் பன்னிரண்டு என்றேன். நானே வோக்கரைப் போல குந்தியிருக்கிற ஒரு மர வாங்கைத் தள்ளிக்கொண்டு நடந்து எண்ணியது. படி? இல்லை. கதவு? வோக்கரோடு போகலாம். விழுந்தால்? விழுந்தால் கூப்பிட ஒரு மணி பூட்டியிருக்கிறேன் என்றேன்.

"இஞ்ச ஒவ்வொருக்காலும் உன்ர பெண்சாதியைக் கூப்பிட வேண்டிக்கிடக்கு" என்று அண்ணாவிடம் சொன்னா. "அந்தப் பிள்ளை ஒருநாளும் முகம் சுழிக்கேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. சாமியை ஹோலுக்கு மாத்தட்டும். சாமி எங்கயும் போவார். நான்தான் நடக்கமாட்டன்."

ஐயரைக் கேட்காமல் சாமியை இடம் மாற்றக் கூடாது என்றார் அண்ணா. அவருடைய கடைசித் துருப்புச் சீட்டு அது.

அம்மா குசினிப் பக்கம் கையை நீட்டினா. அங்கே, பிரிஜ்ஜுக்கு மேலே, பிள்ளையாரும் முருகனும் அம்மனும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பக்கத்தில் ஒரு பாண் பெட்டி.

"உதில கொண்டுபோய் வைக்கேக்க ஆரைக் கேட்டனி?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிசம் எனக்கு வந்த சந்தோசம் அம்மா வரப்போகிறா என்பதற்காக வந்ததில்லை. அண்ணாவின் முகத்தைப் பார்த்து வந்தது. என் வாயிலிருந்து ஒரு சிரிப்பும் வெளியே போய்விட்டது. அவர் அதைக் கண்டார். அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுக்க இன்றைக்கு வரைக்கும் வழி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணிதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. அண்ணாவுக்கு வங்கியில் அவசர வேலையாம். அம்மா ஹோலில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தா, விளக்கு பங்காவுக்கு நேரே இருக்கிறது, அணையும் என்றா. பிறகு பன்னிரண்டு எட்டு நடந்து பாத்ரூமுக்குப் போனா. கம்பிகள் ஆஸ்பத்திரி மாதிரி மினுங்குதாம். கொமட் உயரமாம். கதவைப் பூட்டவேண்டாம் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் உள்ளே போனவுடன் கொண்டி விழுகிற சத்தம் கேட்கும். வெளியே நின்று கூப்பிட்டால், "போய் உன்ர கொம்பியூட்டரைத் தட்டு" என்கிறா. மணியை ஒருநாளும் அடிக்கவில்லை. சாமி அறை இன்னமும் ஸ்டோர்தான். அதற்கு வேறு பெயர் வைக்க அம்மாவுக்கும் எனக்கும் மனம் வரவில்லை.

அண்ணா இந்த வீட்டுக்கு வருவதில்லை. அம்மாவோடு அவர் கதைப்பது அம்மாவின் போனில். எனக்கு ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குத் தனியாகப் போன் எடுப்பார்.

"அம்மா விழுந்தவவே?"

"இன்னும் இல்லை."

வைத்துவிடுவார். சுகமா, சாப்பிட்டியா ஒன்றும் கிடையாது. இப்படியே இரண்டு மாதம். போன கிழமை ஒரு நாள் ஏழு மணிக்கு எடுக்கவில்லை. ஏழே காலுக்கும் இல்லை. நான் வேலையில் மனமில்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு நானே எடுத்தேன்.

"விழேல்லை" என்றேன்.

"சரி" என்றார்.

அன்றைக்கு அவர் வைக்கிறதுக்கு முதல் நான் போனை வைத்துவிட்டேன்.